கிழவியின் ஊசி

பண்டமாற்று என்றால் என்னவென்று சங்கக் கவிதை படித்த மாணவிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்போடு தெருவுக்குள் வருகிற உமணப் பெண் நெல்லும் உப்பும் நேருக்கு நேர் என்று கூவுகிறாள். அவளிடம் உப்பு இருக்கிறது, வாங்குபவரிடம் நெல் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கணக்குத் தெரியும்.

"பண்பாட்டுப் பரிமாற்றம்" என்று நம் பாடநூல்கள் எழுதும்போது அந்தக் கணக்கு காணாமல் போய்விடுகிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே கருத்துகள் பரிமாறப்பட்டனவாம். அதனால் பகுத்தறிவு வளர்க்கப்பட்டதாம். அந்தக் காலத்துக்கு அறிவொளிக் காலம் என்று பெயரிடப்பட்டதாம். எல்லாமே செயப்பாட்டுவினை. தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், எழுவாயை ஒளித்துவைக்க இதைவிடச் சுலபமான வழி இலக்கணத்தில் இல்லை. யார் கொடுத்தாள், யார் எடுத்துக்கொண்டான், கொடுத்தவளுக்கு என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளையும் ஒரு "பட்டன" விழுங்கிவிடும்.

ஒரே ஒரு பரிமாற்றத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். பெரியம்மையைத் தடுக்கிற வித்தை ஒட்டோமான் துருக்கியிலிருந்து லண்டனுக்குப் போன கதை. அறிவொளிக் காலத்தின் பெருமைகளில் ஒன்றாக வால்டேரே எழுதிய கதை.

மேரி வொர்ட்லி மாண்டேகு ஆங்கிலேயப் பிரபு குடும்பத்துப் பெண், கவிஞர். 1713இல் அவருடைய தம்பி பெரியம்மையில் இறந்தார். 1715 டிசம்பரில் அவருக்கே அம்மை கண்டது. பிழைத்தார், முகத்தில் தழும்புகள் தங்கின, இமை மயிர்கள் உதிர்ந்து திரும்ப முளைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய கணவர் ஒட்டோமான் அரசவைக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். 1717 வசந்தத்தில் எடிர்னே நகரில் இருந்தபோது, அங்கே அம்மை ஒரு பெரிய பயமாகவே இல்லை என்று கண்டு வியந்து, தோழி சாரா சிஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார்.

கடிதத்தில் அவர் சொல்லும் விவரம் இது. வெயில் தணிந்த செப்டம்பர் மாதத்தில் இந்தத் தொழில் தெரிந்த கிழவிகள் வருவார்கள். யார் வீட்டில் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும் என்று குடும்பங்கள் தமக்குள் விசாரித்து, பதினைந்து பதினாறு பேரை ஓரிடத்தில் சேர்ப்பார்கள். கிழவி ஒரு கொட்டை ஓட்டில் நல்ல வகை அம்மையிலிருந்து எடுத்த சீழைக் கொண்டுவருவாள். எந்த நரம்பில் வேண்டும் என்று கேட்பாள். ஊசியால் அங்கே கீறி, ஊசி முனையில் நிற்கிற அளவு சீழை உள்ளே வைத்து, காயத்தின்மேல் வெற்று ஓட்டைக் கவிழ்த்துக் கட்டுவாள். நான்கைந்து இடங்களில் இப்படி. எட்டாம் நாள் காய்ச்சல் வரும். இரண்டு நாள் படுக்கை, மிஞ்சினால் மூன்று. முகத்தில் இருபது முப்பது முத்துகளுக்கு மேல் போடாது. போட்டதும் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

இந்த விவரணையை ஒரு முறை வைத்தியச் செயல்முறையாக மட்டும் படித்துப் பாருங்கள். பருவம் பார்க்கிறார்கள். கடுமையான அம்மையை விட்டு இலேசான அம்மையிலிருந்து சீழ் எடுக்கிறார்கள். அளவு ஊசிமுனை, மேலே போகக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. கூட்டமாகச் சேர்த்து ஒரே நேரத்தில் போடுகிறார்கள். எத்தனை தலைமுறையின் கவனிப்பு, எத்தனை குழந்தைகளின் சாவைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கைப்பழக்கம் இதற்குள் இருக்க வேண்டும்! சோதனை, கவனிப்பு, திருத்தம் என்றால் அதற்குத்தானே அறிவியல் முறை என்று பெயர்? கிழவி அதை எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

1718 மார்ச்சில், கணவர் ஊரில் இல்லாத நேரத்தில், மேரி தன் ஐந்து வயது மகனுக்கு அம்மை குத்தச் செய்தார். கான்ஸ்டாண்டினோபிளின் பேரா பகுதியில். குத்தியவர் ஒரு கிரேக்கக் கிழவி. கூட இருந்தவர் தூதரக அறுவை மருத்துவர் சார்லஸ் மெய்ட்லண்ட். சில மாதக் கைக்குழந்தையான மகளுக்கு அப்போது குத்தவில்லை. பால் கொடுத்த தாதிக்கு அதுவரை அம்மை கண்டதில்லை, அவளுக்குத் தொற்றிவிடும் என்பது காரணம்.

நான்கு ஆண்டு கழித்து மெய்ட்லண்ட் இதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் கிழவி எப்படி வருகிறாள் தெரியுமா? கை நடுங்குகிறவளாக. அவளுடைய மழுங்கிய, துருப்பிடித்த ஊசி பிள்ளையை வதைத்ததாம். ஆகவே மறுகையில் தானே தன் கருவியால் குத்தினாராம். ஒரு குழந்தையின் இரண்டு கைகள். ஒன்றில் கிழவியின் குத்து, மற்றொன்றில் மருத்துவரின் குத்து. வரலாறு இரண்டாவது கையை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொண்டது. அந்தக் கிழவியிடமிருந்து தொழிலைக் கற்றவர், கற்ற நாளிலேயே அவளைத் திருத்தியவராகத் தன்னை எழுதிக்கொண்டார். அவள் பெயரைக் கேட்டு எழுதிவைக்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கும் எவரும் எழுதிவைக்கவில்லை.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. மேரி லண்டனுக்குச் செய்தி கொண்டுபோவதற்கு முன்பே லண்டனுக்குச் செய்தி போய்விட்டது. கான்ஸ்டாண்டினோபிளில் வைத்தியம் பார்த்த இம்மானுவேல் டிமோனியின் கடிதம் ராயல் சொசைட்டியின் இதழில் 1714இல் அச்சானது. பைலரினியின் கட்டுரை 1716இல் வந்தது. இரண்டும் கற்றறிந்த ஆண்கள் கற்றறிந்த ஆண்களுக்கு எழுதியவை. படித்தார்கள், வியந்தார்கள், அலமாரியில் வைத்தார்கள். ஒரு குழந்தைக்குக்கூடக் குத்தவில்லை. அறிவு இல்லாததல்ல அவர்கள் பிரச்சினை. தம் பிள்ளையின் கையை நீட்டுகிற துணிச்சல் அவர்களுக்கு இல்லை.

1721 வசந்தத்தில் லண்டனில் அம்மை வாரிக்கொண்டு போனபோது, மேரி மெய்ட்லண்டை அழைத்துத் தன் மூன்று வயது மகளுக்குக் குத்தச் சொன்னார். சாட்சிக்கு மருத்துவர்கள் இல்லாமல் செய்ய மாட்டேன் என்றார் மெய்ட்லண்ட். பேராவில் ஒரு கிழவியின் சொல்லை நம்பிச் செய்தவருக்கு லண்டனில் சாட்சி தேவைப்பட்டது. சிறுமி நலமாக எழுந்தாள். வேல்ஸ் இளவரசி கரோலின் தன் பிள்ளைகளுக்கும் குத்தலாமா என்று யோசித்தார்.

இங்கேதான் "பகுத்தறிவு" தன் வேலையைத் தொடங்கியது. அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் வேறு உடல்கள் வேண்டும். 1721 ஆகஸ்டில் நியூகேட் சிறையில் மரண தண்டனைக் கைதிகள் ஆறு பேருக்கு, மூன்று ஆண்கள் மூன்று பெண்களுக்கு, குத்தினார்கள். பிழைத்தால் விடுதலை. பிழைத்தார்கள். அவர்களில் எலிசபெத் ஹாரிசன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அதோடு விடவில்லை. தடுப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்மை பரவியிருந்த ஹெர்ட்ஃபோர்டுக்கு அனுப்பி நோயாளிகளைப் பராமரிக்க வைத்தார்கள், அம்மை கண்ட சிறுவனின் படுக்கையில் படுக்க வைத்தார்கள். இன்னொரு கைதி, பதினெட்டு வயதுப் பெண். அவள்மீது சீன முறையைச் சோதித்தவர் புகழ்பெற்ற மருத்துவர் ரிச்சர்ட் மீட். சீழில் தோய்த்த பஞ்சை மூக்கில் வைத்தார்கள். கடும் தலைவலியும் காய்ச்சலுமாக அவள் துடித்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். சீனத்தோடு நடந்த பண்பாட்டுப் பரிமாற்றம் அந்தப் பெண்ணின் மூக்குத் துளையில் நடந்தது. அடுத்து அநாதைக் குழந்தைகள். அதற்கும் பிறகு, 1722 ஏப்ரலில், இளவரசியின் இரண்டு மகள்கள்.

எலிசபெத் ஹாரிசனின் பெயர் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவர் தண்டனைக் கைதி என்பது. குற்றவாளிக்குப் பதிவேடு உண்டு. வைத்தியம் செய்தவளுக்கு அதுவும் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. 1722இல் எட்மண்ட் மாசி என்ற பாதிரியார் இது பாவம், நோயைத் தருவது கடவுளின் உரிமை என்று பிரசங்கித்தார். அவரை விடுங்கள், அவர் தொழில் அது. வில்லியம் வாக்ஸ்டாஃப் என்ற மருத்துவர் எழுதியதுதான் முக்கியம். படிப்பறிவில்லாத ஒரு மக்களிடையே அறிவற்ற சில பெண்கள் செய்துவந்த ஒன்றை, உலகின் மிக நாகரிகமான நாடு அரண்மனைக்குள் ஏற்றுக்கொண்டது என்பதை வருங்காலத்தவர் நம்பவே மாட்டார்கள் என்றார் அவர். முறை தவறு என்பதற்கு அவர் வேறு வாதங்களும் வைத்தார். ஆனால் கசப்பின் ஊற்று இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. பெண்கள், அதுவும் எழுத்தறியாதவர்கள், அதுவும் துருக்கியில்.

ஏற்றுக்கொண்ட மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? கிழவியின் ஊசிக் கீறலை ஆழமான வெட்டாக மாற்றினார்கள். குத்துவதற்கு முன் இரத்தம் வடித்தார்கள், பேதி கொடுத்தார்கள். குழந்தை நலிந்த பிறகு சீழை வைத்தார்கள். எளிமையாக இருந்தால் கட்டணம் கேட்க முடியாதல்லவா? இதைக் கண்டு கொதித்த மேரி 1722 செப்டம்பரில் ஒரு செய்தித்தாளில் எழுதினார். துருக்கி முறையில் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லை, உங்கள் வெட்டும் பேதியும்தான் ஆளைக் கொல்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையில் அவர் போட்ட கையெழுத்து என்ன? "துருக்கி வணிகர் ஒருவர்." அந்த ஊரில் வாழ்ந்து, தன் இரு பிள்ளைகளுக்கும் குத்தச் செய்த பெண், கண்ணால் கண்டதைச் சொல்வதற்கு ஒரு ஆண் வணிகரின் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எடிர்னேயிலிருந்து கடிதம் எழுதியபோதே, வருமானம் போகிறது என்று மருத்துவர்கள் எதிர்ப்பார்கள், அவர்களோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்று ஊகித்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பெற்ற சாரா சிஸ்வெல் 1726இல் இறந்தார். பெரியம்மையில்.

இனி பரிசுப் பட்டியலைப் பாருங்கள். 1768இல் ரஷ்யப் பேரரசி கேதரினுக்கு அம்மை குத்திய தாமஸ் டிம்ஸ்டேலுக்கு பிரபு பட்டம், 10,000 பவுண்டு ரொக்கம், ஆண்டுக்கு 500 பவுண்டு ஓய்வூதியம். பசு அம்மையிலிருந்து பாதுகாப்பான தடுப்பு முறையை 1796இல் நிறுவிக்காட்டிய எட்வர்ட் ஜென்னருக்கு நாடாளுமன்றம் 1802இல் 10,000 பவுண்டும் 1807இல் 20,000 பவுண்டும் கொடுத்தது. டேனியல் பெர்னூலி 1760இல் அம்மை குத்தினால் சராசரி ஆயுள் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டு என்று சொன்னார். கணிதத்தில் அது இன்றும் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதுதான். எனக்கு ஜென்னர் மேலும் பெர்னூலி மேலும் எந்தக் காழ்ப்பும் இல்லை. உமணப் பெண்ணின் படியைத்தான் தேடுகிறேன். எடிர்னேக் கிழவியின் படியில் யார் என்ன அளந்து போட்டார்கள்?

தத்துவவாதிகள் போட்டது இது. வால்டேர் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய கடிதங்களில், 1733இல் வெளிவந்த நூலில், பதினொன்றாவது கடிதம் முழுக்க அம்மை குத்துவது பற்றியது. மேரியையும் கரோலினையும் வாயாரப் புகழ்கிறார். ஆனால் இந்த வழக்கம் எங்கே தோன்றியது என்று சொல்ல வரும்போது அவருடைய கற்பனை சர்க்காசியாவுக்குப் பறக்கிறது. அங்கே மக்கள் ஏழைகளாம், மகள்கள் அழகிகளாம். சுல்தானின் அந்தப்புரத்துக்கும் பாரசீக அரசருக்கும் அவர்களை விற்றுத்தான் பிழைப்பாம். முகம் கெட்டால் சந்தை போய்விடுமென்று தாய்மார்கள் குழந்தைப் பருவத்திலேயே அம்மை குத்துகிறார்களாம். தாய்ப்பாசத்தோடு ஆதாயமும் சேர்ந்து கண்டுபிடித்த வித்தை என்கிறார்.

கவனியுங்கள், ஒரு பெண்ணின் அறிவு அறிவொளியின் பக்கத்துக்குள் நுழையும்போது என்ன வேடத்தில் நுழைகிறது? சரக்கைப் பாதுகாக்கும் வியாபாரத் தந்திரமாக. ஆங்கிலேயப் பிரபுப் பெண் தன் மகளுக்குக் குத்தினால் அது துணிவு, மெய்யறிவு. சர்க்காசியத் தாய் குத்தினால் அது சரக்குப் பராமரிப்பு. சர்க்காசியப் பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டது கொடிய உண்மை. அந்தக் கொடுமையைக் கண்டிக்க வால்டேர் அதை எடுக்கவில்லை. கதைக்குச் சுவை கூட்ட எடுத்தார். லண்டனில் குழந்தைகளுக்குக் குத்தத் தொடங்கிய அதே 1721இல்தான் மாண்டெஸ்கியூவின் பாரசீகக் கடிதங்களும் வந்தது. பாரசீகத்துக்கு ஒருநாளும் போகாதவர், அந்தப்புரத்துப் பெண்களின் கடிதங்களைத் தானே எழுதினார். பிரெஞ்சு அரசின் கொடுங்கோன்மையைத் தாக்க ஓர் உவமை தேவைப்பட்டது. உண்மையான பாரசீகப் பெண் உவமைக்குத் தேவைப்படவில்லை.

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே நாடகம். பாஸ்டனில் காட்டன் மாதர் என்ற பாதிரியாரிடம் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர் ஒருவர், தன் நாட்டில் தனக்கு அம்மை குத்தினார்கள் என்று கையில் தழும்பைக் காட்டிச் சொன்னார். 1721இல் பாஸ்டனில் அம்மை பரவி 844 பேரைக் கொன்றபோது, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் பாய்ல்ஸ்டன் குத்தத் தொடங்கினார். முதலில் குத்திய மூவர், அவருடைய மகனும் அவருடைய அடிமை ஒருவரும் அந்த அடிமையின் குழந்தையும். சொல்லிக்கொடுத்த ஆப்பிரிக்கரின் பெயர் ஒனேசிமஸ் என்று நூல்கள் சொல்லும். அது அவர் தாய் வைத்த பெயரில்லை. மாதர் பைபிளிலிருந்து எடுத்து வைத்த பெயர், அதன் கிரேக்கப் பொருள் "பயன்படுகிறவன்". பெயரும் கொடுத்துவிட்டோம், நன்றியும் சொல்லிவிட்டோம் என்கிறவர்கள் அந்தப் பொருளை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கும் வருகிறேன். பெண்ணிய வரலாறு எழுதுகிறவர்கள் ஜென்னருக்கு முன்னால் மேரி மாண்டேகுவை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சிலையை மாற்றினால் போதுமா? மேரியின் கடிதங்கள் உண்மையிலேயே அருமையானவை. சோஃபியா நகரத்து ஹமாமில், கூடியிருந்த பெண்கள் அவரையும் உடை களையச் சொல்ல, அவர் சட்டையைத் திறந்து தன் கார்செட்டைக் காட்டுகிறார். கணவன் பூட்டிவைத்த கருவி அது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அடிமைப்பட்ட கிழக்குப் பெண், சுதந்திரமான மேற்குப் பெண் என்ற கட்டுக்கதையை அந்த ஒரு காட்சியில் கவிழ்த்துப் போடுகிறார். துருக்கியப் பெண்களின் சொத்து அவர்கள் கையிலேயே இருக்கிறது என்பதையும் கவனித்து எழுதினார். அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணின் உடைமை கணவனுடையது. அந்தச் சட்டம் மாற 1870ஐயும் 1882ஐயும் எட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அதே ஹமாம் கடிதத்தில், ஓவியர் ஜெர்வஸ் கண்ணுக்குத் தெரியாமல் இங்கே வந்திருந்தால் அவர் கலை எவ்வளவு மேம்பட்டிருக்கும் என்றும் எழுதினார். ஆண் நுழைய முடியாத அறையின் சாவித்துளையை அவரே திறந்துவிட்டார். துருக்கியைப் பார்த்தேயிராத ஆங்க்ர் அவருடைய கடிதத்தைத் தன் குறிப்பேட்டில் படியெடுத்து வைத்து, 1862இல் "துருக்கியக் குளியல்" வரைந்து முடித்தார். ஆடையில்லாத உடல்கள் குவிந்து கிடக்கும் அந்த வட்ட ஓவியம் இன்று லூவ்ரில் தொங்குகிறது. கார்செட் நகைச்சுவை அதில் இல்லை. துருக்கியில் அடிமைகள் நன்றாகவே நடத்தப்படுகிறார்கள், இங்கிலாந்து வேலைக்காரர்களைவிட மோசமில்லை என்று எழுதியவரும் இதே மேரி. திரும்பும் வழியில், கார்தேஜ் இடிபாடுகளுக்கருகே கண்ட பெண்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டவரும் அவரே. இவற்றை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு அவரை நம் முன்னோடி என்று கொண்டாடினால், மெய்ட்லண்ட் கிழவியைச் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

இன்னொரு கூட்டமும் இந்தக் கதைக்காகக் காத்திருக்கிறது. "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" கூட்டம். 1767இல் ஹோல்வெல் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில் அம்மை குத்தும் வழக்கத்தை விவரித்து லண்டன் மருத்துவக் கழகத்துக்கு எழுதியது உண்மை. அதை எடுத்துக்கொண்டு முன்னோர் பெருமை பாடுகிறவர்களிடம் கேட்க வேண்டும்: உங்கள் முன்னோர் என்ற சொல்லுக்குள் ஊசி பிடித்த எந்தக் கை இருக்கிறது? எந்தச் சாதியின் கை, எந்தப் பாலினத்தின் கை? தேசத்தின் பெயரில் உரிமை கோருவதும், ராயல் சொசைட்டியின் பெயரில் உரிமை கோருவதும், ஊசி பிடித்தவரைப் பொறுத்தவரை ஒன்றுதான். தடுப்பூசியை நம்பாதே என்று வதந்தி பரப்புகிறவர்களும் இந்தக் கட்டுரையைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம். கிழவிகளின் முறையில் ஆபத்து இருந்தது. லண்டனில் ஜேம்ஸ் ஜூரின் திரட்டிய கணக்குப்படி, அம்மை தானாக வந்தவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் இறந்தார், குத்திக்கொண்டவர்களில் சுமார் ஐம்பது பேருக்கு ஒருவர். ஐம்பதில் ஒன்று குறைவல்ல. பசு அம்மைத் தடுப்பு அதைவிடச் சிறந்தது, அதனால்தான் 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலகம் அறிவிக்க முடிந்தது. பிந்தைய அறிவு மேலானது என்பதற்காக முந்தைய அறிவை அறியாமை என்று அழைக்க உரிமை வந்துவிடாது.

அறிவொளி என்ற சொல் தமிழ்நாட்டில் நமக்கு வேறு நினைவுகளைத் தரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற, புதுக்கோட்டையில் சைக்கிள் ஓட்டிய பெண்களின் நினைவு. அந்த இயக்கத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரை "அறியாதவர்" என்று நினைக்கிற பழக்கம். வாக்ஸ்டாஃபின் வாக்கியம் அதுதான். பிரசவம் பார்த்த, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட, விதை தேர்ந்து வைத்த பாட்டிகளின் பேத்திகள் என் வகுப்புகளில் உட்கார்ந்து, தங்கள் வீட்டில் முதன்முதலாக அறிவு பெற்றவர்கள் தாங்களே என்று எழுதித் தருகிறார்கள். முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் என்று திருத்துகிறேன். அடுத்த ஆண்டும் அதையே எழுதுகிறார்கள். நம் பாடநூல்கள் அப்படித்தான் கற்றுத்தருகின்றன.

மேரியின் கடிதங்களுக்கு மேரி ஆஸ்டெல் 1724இலேயே முன்னுரை எழுதினார். இவற்றை வெளியிடுங்கள், ஆண்களின் பயண நூல்களிலிருந்து பெண்ணின் பயணம் எப்படி வேறுபடுகிறது என்று உலகம் பார்க்கட்டும் என்றார். கடிதங்கள் அச்சானது 1763இல், மேரி இறந்த மறுஆண்டு, குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக. ஆஸ்டெல் அதைப் பார்க்க உயிரோடில்லை. மேரி வாழ்நாள் முழுவதும் எழுதிவந்த நாட்குறிப்பை அவருடைய மகள், பிரதமர் பியூட்டின் மனைவி, தான் இறப்பதற்குச் சற்று முன் 1794இல் எரித்தார். குடும்ப மானம் காரணம். 1721இல் லண்டன் மருத்துவர்கள் சாட்சி நிற்க அம்மை குத்திக்கொண்ட அந்த மூன்று வயதுச் சிறுமி அவர்தான்.